திரும்பி வராத மாம்பழம்: நஷ்டம் யார் தலையில்?

முதலமடை:

ஒரு சரக்கை அனுப்புவதற்கு ஒரு வாடகை. அதே சரக்கு "வேண்டாம்" என்று திருப்பப்பட்டால் இரண்டு வாடகை. துணிக் கடை, மருந்துக் கடை, மின் சாமான் கடை என்று எதில் வேலை பார்ப்பவருக்கும் தெரிந்த கணக்கு இது. திருப்பிய சட்டை மீண்டும் அலமாரிக்கு வந்துவிடும். ரேடியோ என்றால் பழுது பார்த்து விற்கலாம். திரும்பி வரவே முடியாத சரக்கு ஒன்று உண்டு. அதை நம்பித்தான் முதலமடையும், இங்கே வேலைக்கு வரும் பல ஆயிரம் தமிழ்க் குடும்பங்களும் பிழைக்கின்றன. அது மாம்பழம்.

முதலமடையில் ஏற்றிய பழம் டெல்லியில் "தரம் இல்லை" என்று ஒதுக்கப்பட்டால் அது எங்கே போகிறது? அந்த நஷ்டத்தைக் கட்டுவது யார்? தோப்புக்காரரா, குத்தகைதாரரா, கமிஷன் மண்டியா, லாரிக்காரரா? அல்லது மரத்தில் ஏறிக் காய் பறித்த கூலியாளா?

முந்தி வரும் காய்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது முதலமடை ஊராட்சி. தமிழ்நாட்டு எல்லைக்கு ஒட்டிய ஊர். மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் போனால் ஆனைமலை, பொள்ளாச்சி. கேரளத்தின் "மாம்பழ நகரம்" என்று இதற்குப் பெயர் வந்ததற்குக் காரணம் பழத்தின் ருசி மட்டும் அல்ல, காலமும்தான். நாட்டின் மற்ற இடங்களில் பிஞ்சு விடும் நாளிலேயே இங்கே காய் முற்றிவிடுகிறது. ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பறிப்பு தொடங்கும். அல்போன்சா, சிந்தூரம், பங்கனப்பள்ளி, கிளிமூக்கு, நீலம் என்று ரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வட நாட்டுச் சந்தையில் வேறு பழம் இல்லாத நேரத்தில் போய்ச் சேருவதால் நல்ல விலை கிடைக்கும்.

இந்த லாபத்திலேயே ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஆந்திரப் பழமும் ரத்தினகிரிப் பழமும் சந்தைக்கு வரத் தொடங்கிவிடும். அன்று முதல் விலை சரியும். விலை ஏறி நிற்கும்போது பழத்தில் உள்ள புள்ளி எந்த வியாபாரியின் கண்ணிலும் படுவதில்லை. விலை விழுந்த மறுநாளே ஒவ்வொரு பெட்டியிலும் குறை தெரிய ஆரம்பிக்கும். மண்டித் தொழிலில் பழகியவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சரக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு அது சிரிப்பாக இருக்காது.

ஒரு காலத்தில் பாலக்காடு-பொள்ளாச்சி மீட்டர் கேஜ் ரெயில் இந்த ஊர் வழியே ஓடியது. அகலப்பாதை வேலைக்காக 2008-ல் நிறுத்தப்பட்டு, 2015-ல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆலமரங்கள் நிழல் தரும் முதலமடை ஸ்டேஷனைச் சினிமாவில் பலர் பார்த்திருப்பார்கள். மாம்பழம் மட்டும் லாரியில்தான் போகிறது. டெல்லி ஆசாத்பூர் மண்டிக்கு 2,500 கிலோ மீட்டருக்கு மேல். நான்கைந்து நாள் ஓட்டம். அந்த நாட்களில்தான் காய் பழமாகிறது. பழம் ஆகும்போதுதான் அதற்குள் மறைந்திருந்த நோயும் வெளியே வருகிறது.

குறை எங்கே பிறக்கிறது?

பறிக்கும்போது பச்சையாக, பளபளப்பாக இருந்த காய்தான். காம்புப் பக்கம் அழுகல் நோய் இருந்தால் பழுக்கும்வரை தெரியாது. பழ ஈ முட்டையிட்டிருந்தால் புழு வழியில்தான் வளரும். இலைப்பேன் தாக்கிய காயின் தோல் சொரசொரப்பாகித் தழும்பு விழும். உள்ளே சதை நன்றாகவே இருக்கும். இருந்தாலும் தழும்பு உள்ள பழத்தைப் பெரிய கடைக்காரர் தொடமாட்டார். சமீப ஆண்டுகளில் முதலமடைத் தோப்புகளை இலைப்பேன் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. காலம் தவறிப் பெய்யும் மழை பூவை உதிர்த்துவிடுகிறது.

காம்பை ஒட்டி ஒடித்தால் வடியும் பால் தோலில் பட்டுக் கருக்கிவிடும் என்பது பறிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். சிறிது காம்போடு பறித்து, கவிழ்த்து வைத்துப் பால் வடிய விட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். மாலைக்குள் லாரி நிறைய வேண்டும் என்று மேஸ்திரி விரட்டும்போது பால் வடிய யார் காத்திருப்பார்கள்? அவசரப்படுத்தியது ஒருவர். பழி வந்து விழுவது பறித்தவர் மீது.

யாருடைய சரக்கு?

இங்கே ஒரு சட்ட விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சரக்கை வாங்குகிறவர் அதைச் சோதித்துப் பார்க்க உரிமை உண்டு என்கிறது 41-வது பிரிவு. சரியான காரணத்தோடு வேண்டாம் என்று ஒதுக்கினால், அதை விற்றவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் வாங்கியவருக்கு இல்லை என்கிறது 43-வது பிரிவு. "ஏற்க மறுக்கிறேன்" என்று தகவல் சொன்னால் போதும். முன்கூட்டியே வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தால்தான் கதை வேறு.

அதாவது, டெல்லி வியாபாரி ஒரு போன் செய்தால் அவர் பொறுப்பு முடிந்தது. 2,500 கிலோ மீட்டருக்கு அப்பால் நிற்கும் லாரியும், அதில் கனிந்துகொண்டிருக்கும் பழமும் அனுப்பியவருடைய தலைவலி. திருப்பிக் கொண்டுவர இன்னொரு வாடகை, இன்னும் ஐந்து நாள். வந்து சேர்வது பழமாக இருக்காது. ஆகவே அங்கேயே, அதே வியாபாரியோ அவருடைய பக்கத்துக் கடைக்காரரோ சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். பாதி விலை என்றாலும் சரி, கால் விலை என்றாலும் சரி.

லாரிக்காரரும் காத்திருக்கமாட்டார். 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பெற வேண்டியவர் பெறாவிட்டால் சாதாரணச் சரக்குக்கு நோட்டீஸ் கொடுத்து 30 நாள் தவணை. அழுகும் சரக்குக்கு 24 மணி நேரம்தான். அதற்குப் பிறகு அதை விற்று வாடகையை எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

இதிலும் ஒரு நுணுக்கம். வியாபாரி முதலமடைக்கே வந்து, பார்த்து, விலை பேசி வாங்கினால் அது விற்பனை. ஏற்றிய பிறகு அவர் குறை சொல்வது கடினம். ஆனால் கமிஷன் மண்டிக்கு அனுப்பும் சரக்கு விற்பனை ஆகவில்லை. அங்கே விலை போகிற நிமிடம்வரை அது அனுப்பியவருடைய பொருள்தான். மண்டிக்காரர் தமக்குச் சேர வேண்டிய கமிஷனை எடுத்துக்கொள்வார், இறக்கு கூலியைக் கழிப்பார், அழுகல் என்று இத்தனை பெட்டி தள்ளுபடி செய்வார். மீதி எவ்வளவு என்று ஒரு சீட்டு வரும். அழுகிய பெட்டியை முதலமடைக்காரர் கண்ணால் பார்த்ததில்லை. "திருப்பி அனுப்பினோம்" என்ற சொல்லே அந்தச் சீட்டில் இருக்காது. திருப்பிய நஷ்டம் மட்டும் உள்ளே இருக்கும்.

குத்தகைதாரர் நிலை இதனால்தான் கஷ்டம். பூ எடுக்கும் முன்பே தோப்புக்காரருக்குப் பணம் கட்டிவிட்டார். மருந்து அடித்தாகிவிட்டது. அந்தப் பணத்தில் பாதி, சரக்கைத் தனக்கே அனுப்ப வேண்டும் என்ற பேச்சில் மண்டிக்காரரே கொடுத்த அட்வான்சாக இருக்கும். கடன் கொடுத்தவரே தரம் பார்க்கிறார், அவரே விலையும் சொல்கிறார். எதிர்த்துப் பேச எந்தக் குத்தகைதாரருக்குத் தெம்பு வரும்?

அமெரிக்காவில் அழிந்த பழம்

சிறியவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2025-ம் ஆண்டு மே மாதம் மராட்டியத்தில் இருந்து விமானத்தில் அமெரிக்கா போன 15 மாம்பழச் சரக்குகளை லாஸ் ஏஞ்சல்ஸ், சான்பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். பழத்தில் புழு இல்லை, அழுகல் இல்லை. நவி மும்பையில் கதிர்வீச்சு முறையில் பூச்சி நீக்கியதற்கான சான்றுத்தாளில் கோளாறு என்று சொன்னார்கள். தவறு காகிதத்தில்!

ஏற்றுமதியாளர்கள் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. சொந்தச் செலவில் இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம், அல்லது சொந்தச் செலவில் அங்கேயே அழிக்கலாம். விமான வாடகையைக் கணக்குப் பார்த்தவர்கள் அழிக்கவே சம்மதித்தார்கள். நஷ்டம் சுமார் 5 லட்சம் டாலர் என்று ஏற்றுமதியாளர்கள் தெரிவித்தார்கள். கதிர்வீச்சு நிலையத்தில் சான்று கொடுக்கும் வேலை ஏற்றுமதியாளருடையது அல்ல. இருந்தும் பழத்துக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் கட்டினார்.

அதற்கு 11 ஆண்டுகள் முன்னால் ஐரோப்பா கதவையே மூடியது. 2013-ல் இந்தியாவில் இருந்து போன காய்கறி, பழச் சரக்குகளில் 207-ல் பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்ததாகச் சொல்லி, 1-5-2014 முதல் இந்திய மாம்பழத்துக்கும் நான்கு காய்கறிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தடை போட்டன. இந்தியா ஏற்றுமதிக்கு முன் சோதனைகளைக் கடுமையாக்கிய பிறகு, 2015 ஜனவரியில் மாம்பழத்தின் மீதான தடையை நீக்க முடிவு செய்தார்கள். திருப்பப்பட்ட சரக்கில் இருந்து யாராவது பாடம் படித்தார்கள் என்றால் அங்கேதான். சோதனையைப் போய்ச் சேரும் துறைமுகத்தில் இருந்து ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். குறை உள்ள பெட்டி ஊரிலேயே நின்றுவிட்டால் திரும்பும் செலவு என்பதே இல்லை.

முதலமடைக்கும் அந்த வழிதான் பொருந்தும். தோப்புக் கொட்டகையிலேயே தழும்பு விழுந்த காய், பால் பட்ட காய், பிஞ்சுக் காய் எல்லாம் தனியாகப் பிரிந்தால் அது ஊறுகாய்க்கும் சாறு எடுக்கவும் பக்கத்திலேயே விலை போகும். லாரியில் ஏறிவிட்டால் அதே காய் நல்ல காய்க்கும் எமனாகிறது. ஆனால் பிரிப்பதற்கு ஆளும் நேரமும் வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் முழு லோடின் விலையை இழக்கிறார்கள்.

கூலியில் பிடிக்கலாமா?

டெல்லியில் பணம் நின்றால், இங்கே முதலில் நிற்பது கூலி பாக்கி. ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் இருந்து மேஸ்திரியோடு வந்து பறிப்பு, தரம் பிரிப்பு, பெட்டி கட்டு, ஏற்று வேலை செய்கிறவர்களுக்கு "லோடு பணம் வரட்டும்" என்ற பதில் புதிது அல்ல. சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், "நீங்கள் கீழே போட்டு அடிபட்ட காய், அதனால்தான் தள்ளினார்கள்" என்று கூலியில் பிடிக்கும் பேச்சும் வரும்.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 21-11-2025 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. பழைய கூலிச் சட்டங்களின் இடத்தில் வந்த சட்டம் இது. நாள் கூலி என்றால் அன்றைய வேலை முடிந்ததும், வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். டெல்லி மண்டியில் இருந்து பணம் வந்ததா என்ற கேள்வியே அதில் இல்லை.

பிடித்தம் பற்றியும் தெளிவாக இருக்கிறது. ஒரு பொருளைக் காவலுக்கு என்று தொழிலாளியிடம் குறிப்பாக ஒப்படைத்து, அவருடைய கவனக்குறைவால் நேரடியாக அது கெட்டாலோ தொலைந்தாலோதான் பிடிக்கலாம். அப்போதும் அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக்கூடாது. லாரியில் ஏற்றிப் பூட்டி, ஐந்து நாள் வெயிலில் ஓடி, ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தள்ளி இறங்கிய பழம் எந்தக் கூலியாளின் காவலில் இருந்தது? மேஸ்திரி கூலி கொடுக்காமல் கைவிரித்தால், வேலை நடந்த நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்றும் சட்டம் சொல்கிறது. குத்தகைதாரர் மேஸ்திரியைக் கை காட்ட, மேஸ்திரி குத்தகைதாரரைக் கை காட்டும் விளையாட்டுக்கு இது ஒரு முட்டுக்கட்டை.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது, வேலை செய்ததற்குச் சாட்சி வேண்டும். எத்தனை நாள், எந்தத் தோப்பு, எவ்வளவு கூலி என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வாரம் ஒருமுறை மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கே மிகக் குறைவு. படித்த பையன் ஒருவன் கூட்டத்தில் இருந்தால் இந்த வேலையை அவனிடம் விடலாம்.

திரும்பி வரும் காலிப் பாட்டில்

மாம்பழம் திரும்பாது. பெட்டி திரும்பும். கோவை, திருச்சூர், எர்ணாகுளம் போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போகும் பிளாஸ்டிக் பெட்டிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். குறைந்தால் விலை பிடிப்பார்கள் என்பதால் ஒரு பெட்டி காணாமல் போவதில்லை. டெல்லிக்கு அட்டைப் பெட்டிதான். காலிப் பெட்டி திரும்பும் வாடகை அதன் விலையைத் தின்றுவிடும். எதன் மேல் யாருடைய பணம் பிணையாக இருக்கிறதோ அது திரும்பும் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளில் நடந்த சோதனையும் இதைத்தான் காட்டியது. மலையிலும் காட்டிலும் வீசப்படும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை ஐகோர்ட்டு தலையிட்டது. நீலகிரி மாவட்டத்தில் 2022 மே 15-ந் தேதி முதல் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்த ரூ.10-ஐத் திருப்பித் தரும் முறை வந்தது. பிறகு கோவை, பெரம்பலூர் என்று பல மாவட்டங்களுக்கு அது விரிந்தது. குடித்தவர் வீசினாலும் பொறுக்கியவர் கொண்டுவந்து கொடுத்தார். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பின. கேரளமும் 2025 செப்டம்பரில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் 20 கடைகளில் ரூ.20 வைப்புத் தொகையோடு இதைச் சோதனையாகத் தொடங்கியது.

அதிலும் ஒரு தகராறு. பாட்டிலைத் திரும்ப வாங்கி, எண்ணி, ஸ்டிக்கர் சரி பார்த்து, மூட்டை கட்டி வைக்கும் வேலை யாருடையது? விற்பனைக்காக வைத்த ஆட்களே இதையும் செய்ய வேண்டும் என்றபோது டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. இடம் இல்லை, ஆள் இல்லை, உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்கிறது என்று முறையிட்டார்கள். முறையீட்டில் நியாயம் இருக்கிறது. கேரளச் சோதனையில் பாட்டில் வாங்கக் குடும்பஸ்ரீ பெண்களை வைத்தார்கள். திரும்பும் சரக்குக்குத் தனி ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது அதில் நல்ல அம்சம்.

எல்லைக் கிராமத்தில் இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டுக் கடையில் ரூ.10 கட்டி வாங்கிய பாட்டில் எல்லை தாண்டி முதலமடைத் தோப்பில் காலியானால், கேரளக் கடை அதை வாங்காது. (எல்லை தாண்டிக் கொண்டுவருவதே குற்றம் என்பது வேறு விஷயம்.) அந்தப் பத்து ரூபாய் தோப்பில் கண்ணாடியாகக் கிடக்கிறது. மறுநாள் அதை மிதிப்பது காய் பொறுக்கும் பெண்களின் கால்கள்.

பிளாச்சிமடை

பாட்டில் திரும்பினால் எல்லாம் சுபம் என்றும் சொல்வதற்கில்லை. முதலமடைக்குப் பக்கத்தில், பெருமாட்டி ஊராட்சியில் இருக்கிறது பிளாச்சிமடை. 2000-ல் அங்கே இந்துஸ்தான் கோகோ கோலா தொழிற்சாலை வந்தது. திரும்பி வரும் கண்ணாடி பாட்டில்களைக் கழுவத் தண்ணீர் வேண்டும். நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. கிணற்று நீர் கெட்டது என்று ஆதிவாசி மக்கள் மயிலம்மா தலைமையில் போராடினார்கள். ஆலையின் கழிவுச் சேறு உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-ல் பி.பி.சி. வானொலி அம்பலப்படுத்தியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் நஷ்டத்தை 216 கோடியே 26 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலிக்க நடுவர் மன்றம் அமைக்கும் மசோதாவைச் சட்டசபை 2011-ல் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. முதலமடை மாம்பழம் டெல்லியில் இருந்து திரும்பாவிட்டாலும் பிளாச்சிமடை மசோதா பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தது.

எழுதி வாங்க வேண்டியது

தோப்பு பூ எடுப்பது நவம்பர், டிசம்பரில். குத்தகைப் பேச்சும் மண்டி அட்வான்சும் அதை ஒட்டி நடக்கும். சரக்கு ஒதுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதை அந்த நேரத்தில் பேசிக்கொண்டால்தான் உண்டு. பழம் டெல்லியில் நிற்கும்போது பேச ஒன்றும் இல்லை. தரத்தை ஏற்றும் இடத்திலேயே மண்டி ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் இத்தனை சதவிகிதம்வரை அழுகல் என்றால் அனுப்பியவருக்கு, அதற்கு மேல் போனால் இருவருக்கும் பாதி என்று ஒரு வரி இருக்கலாம். தள்ளிய பெட்டிகளைப் படம் எடுத்து அன்றே செல்போனில் அனுப்ப வேண்டும் என்று இன்னொரு வரி. 43-வது பிரிவே "வேறு விதமாகப் பேசிக்கொண்டால் ஒழிய" என்றுதானே தொடங்குகிறது! தனி ஒரு குத்தகைதாரர் கேட்டால் மண்டிக்காரர் சிரிப்பார். இருபது பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார். பருவத்தின் முதல் பழம் வேறு எங்கும் கிடைக்காத ஜனவரி மாதத்தில் கேட்டால் கண்டிப்பாக யோசிப்பார்.

கூலி பாக்கிக்காரர்களுக்கு மாவட்டத் தொழிலாளர் அதிகாரி பாலக்காட்டில் இருக்கிறார். மலையாளம் எழுதத் தெரியாது என்று மனு கொடுக்காமல் இருக்க வேண்டியதில்லை. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் திருவனந்தபுரம் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அனுமதிக்கிறது. பதிலும் தமிழிலேயே வர வேண்டும்.